காசு வேண்டாம், சாப்பாடு கொடு என்பவர்களுக்கு

ஆலனில் 75ஆம் நெடுஞ்சாலை இறங்கும் சந்திகளில் எழுதிய மட்டையோடு நிற்பவர்களைப் பற்றி, நான் பரிமாறும் மேசைகளில் எம்மவர்கள் பேசுவது காதில் விழுகிறது. காசு கொடுத்தால் குடித்துவிடுவானாம். சாப்பாடு வாங்கிக் கொடுப்பதுதான் முறையாம். பிச்சைக்கும் நிபந்தனை!

2009இல் செட்டிகுளம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முட்கம்பிக்குள் கையேந்தி நின்றது. காசு தரவில்லை, அரிசி, மா, பருப்பு தந்தார்கள். அந்த மாவில் கொஞ்சத்தை விற்றுத்தான் சவர்க்காரமும் பெண்பிள்ளைகளுக்கு வேண்டியதும் வாங்கினோம். லொறியில் வந்து இறக்கியவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

ரெக்சாஸில் ரிப்ஸ் வாங்கும் பரிசாரகனுக்கு முதலாளி கையால் தரவேண்டிய ஆகக்குறைந்த கூலி மணிக்கு 2 டொலர் 13 சதம். 1991இலிருந்து அது அசையவில்லை. ரிப்ஸோடு சேர்த்தும் 7 டொலர் 25 வராவிட்டால்தான் மிச்சத்தை அவர் நிரப்பவேண்டும். ஆக, என் வாடகை நீங்கள் மேசையில் விட்டுப்போகும் காசு. அதில் நான் பியர் வாங்குகிறேனா என்று இன்றுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. (வாங்குவதுண்டு.)

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள். பார்த்தது. பக்கத்து டலஸ் மாநகரசபை 2022 ஒக்ரோபரில், ஆறடியோ அதற்குக் குறைவோ அகலமுள்ள வீதி நடுத்திட்டுகளில் நிற்பதையே தடைசெய்தது. தண்டம் 500 டொலர் வரை. ஐந்து டொலருக்கு நிற்பவன் அதை எங்கே போய்ப் புரட்டுவான்?

உழைத்துச் சாப்பிடலாமே என்றார் ஒரு அண்ணை. விலாசமும் அடையாள அட்டையும் இல்லாதவனை உங்கள் கடையில் எடுப்பீர்களா என்று கேட்டேன். பேச்சு கொத்துரொட்டிக்குத் திரும்பிவிட்டது.