2024: கைதட்டலுக்குப் பிறகும் திறக்காத கதவுகள்

டிசம்பர் மாதத்தின் ஐந்து நாள்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2024 டிசம்பர் 12 அன்று வைக்கம் போராட்ட நூற்றாண்டு நிறைவு விழா. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற பெரியாரின் புதுப்பிக்கப்பட்ட நினைவகத்தைத் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் சேர்ந்து திறந்துவைத்தார்கள். டிசம்பர் 15 அன்று திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், தன்னுடைய திவ்ய பாசுர நிகழ்ச்சிக்கு வந்திருந்த இளையராஜா அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிற்கச் சொல்லப்பட்டார். டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரிலான விருதைப் பெற்றவராக டி.எம். கிருஷ்ணாவைக் கருதக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

கடந்து போன ஆண்டின் கலை வாழ்வைப் புரிந்துகொள்ள இந்த ஐந்து நாள்களே போதும். தெருவில் நடக்கும் உரிமைக்கு நூறாண்டு விழா எடுத்துவிட்டோம். மண்டபத்துக்குள் யார் நிற்கலாம், மேடையில் யாருக்கு மாலை விழலாம் என்ற கேள்விகள் மட்டும் இன்னும் பழைய கைகளிலேயே இருக்கின்றன.

இந்த ஆண்டு நமக்கு மகிழ்ச்சி தந்த ஆண்டுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. சாதியைப் பேசும் படங்கள் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று என வந்தன, வென்றன. ஆனால் கைதட்டலை விடுதலை என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. அதனால் இந்த ஆண்டின் கணக்கைக் கொஞ்சம் கறாராகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

திரையில் வந்தவை

ஜனவரி 25 அன்று வந்தது ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்'. தொண்ணூறுகளின் அரக்கோணம், காலனிக்கு ஓர் அணி, ஊருக்கு ஓர் அணி. முறைத்துக்கொண்டு நின்ற இரு அணிகளும், இருவரையுமே ஒருபொருட்டாக மதிக்காத நகரத்து மேட்டுக்குடி கிரிக்கெட்டின் முன்னால் ஒன்றாக நிற்கின்றன. மார்ச்சில் சுரேஷ் மாரியின் 'ஜெ பேபி'. வீட்டை விட்டுக் கிளம்பிக் கொல்கத்தா வரை போய்விட்ட தாயைத் தேடிப் போகும் பிள்ளைகளின் கதை. ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்குள் மனநலம் என்பது எப்படி இருக்கிறது, அதற்கு நேரமும் காசும் யாரிடம் இருக்கிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன படம் நம்மிடம் அரிது. வன்முறைக் காட்சி இல்லாமல், வில்லன் இல்லாமல் ஒரு தலித் குடும்பத்தைத் திரையில் பார்ப்பதே நமக்குப் புதிதாக இருந்தது.

ஆகஸ்ட் 15 அன்று பா. இரஞ்சித்தின் 'தங்கலான்'. இதைப் பலரும் மாய யதார்த்தம், ஒப்பனை, விக்ரமின் உழைப்பு என்ற அளவில் பேசி முடித்துவிட்டார்கள். படத்தின் அச்சாணி நிலம். சொந்தமாக உழுத துண்டு நிலத்தை மிராசுதாரிடம் இழந்த ஒரு குடும்பம்தான் பொன் தேடிப் போகிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையையும், அதைத் தொடர்ந்து வந்த பஞ்சமி நில ஒதுக்கீட்டையும், அந்த நிலங்கள் பின்னர் கைமாறிப்போன கதையையும் அறிந்தவர்களுக்குப் படத்தின் முதல் அரை மணி நேரம் வரலாற்றுப் பாடம். வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் போன பிறகு மிஞ்சியது அவர்களுடைய குடியிருப்பும் குன்றுபோல் குவிந்த கழிவு மண்ணும்தான்.

ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள். மாரி செல்வராஜின் 'வாழை', பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. வாழைத்தார் சுமக்கும் கூலியில் ஒரு ரூபாய் உயர்வு கேட்பது எவ்வளவு பெரிய போராட்டம் என்பதையும், அந்த ஒரு ரூபாயை ஈடுகட்ட முதலாளி எதைப் பறிக்கிறான் என்பதையும் 'வாழை' சொன்னது. ஆள்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்பியதால்தான் அத்தனை உயிர்கள் போயின. விபத்து என்று செய்தித்தாள் எழுதும் சொல்லுக்குள் கூலிக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று சொன்ன படம் அது.

'கொட்டுக்காளி'யில் மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை. வேறு சாதிப் பையனை விரும்பியவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, பேயோட்ட ஓர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போகிறார்கள். பின்னணி இசை கிடையாது. பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட படம், இங்கே வந்தபோது "இது திரையரங்குக்கான படமே இல்லை" என்ற பேச்சைச் சந்தித்தது. ஆணவக் கொலைகள் நடக்கும் நாட்டில், கொலைக்கு முந்தைய நாள் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் படத்துக்குத் திரையரங்கு இடமில்லை என்றால், திரையரங்கு யாருக்கானது?

செப்டம்பர் 20 அன்றும் இரண்டு படங்கள். இரா. சரவணனின் 'நந்தன்', தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'. இந்த இரண்டும் ஒரே நாளில் வந்ததும், அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பு வேறுபட்டதும் தற்செயல் இல்லை. 'நந்தன்' தனித் தொகுதி ஊராட்சியில் தலைவர் நாற்காலி எப்படிப் பறிக்கப்படுகிறது என்று நேராகச் சொன்னது. "ரொம்பச் சோகம்" என்று விமர்சனம் எழுதினார்கள். 'லப்பர் பந்து', சாதியின் பெயரால் உள்ளூர் அணியில் இடம் மறுக்கப்படும் அன்புவின் கதையை விஜயகாந்த் பாட்டோடும் மாமனார் மருமகன் சண்டையோடும் சொன்னது, ஊரே கொண்டாடியது. "சாதியைப் பற்றிப் படம் எடுத்தால் இப்படி எடுக்க வேண்டும்" என்று இயக்குநர்களுக்குப் பாடமும் நடத்தினார்கள்.

எனக்கு 'லப்பர் பந்து' பிடித்த படம். அதன் மேல் எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. சாதியை உண்டு உறங்கி வாழும் அன்றாடத்துக்குள் வைத்துப் பேசுவது எளிதான வேலை இல்லை. நான் சொல்ல வருவது பார்வையாளர்களைப் பற்றி. ஆதிக்கச் சாதிப் பார்வையாளர் கோபப்படாமல் வெளியே வந்தால் அது நல்ல சாதி எதிர்ப்புப் படம், அவர் நெளிந்தால் அது மோசமான படம் என்று ஓர் அளவுகோல் சத்தமில்லாமல் உருவாகிவருகிறது. அந்த அளவுகோலை நாமும் எடுத்துப் பேசத் தொடங்கினால், நாளை 'நந்தன்' போன்ற படங்களுக்குத் தயாரிப்பாளர் கிடைக்கமாட்டார்.

இன்னொன்றையும் நமக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன படங்கள் அத்தனையையும் இயக்கியவர்கள் ஆண்கள். நம் திரை அரசியலில் பெண்கள் உழைக்கிறார்கள், அழுகிறார்கள், சில நேரம் அரிவாள் எடுக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று 'கட்' சொல்வது மட்டும் அரிதாக இருக்கிறது. மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா குழு அறிக்கை வெளியான ஆகஸ்டில்தான் இங்கே இரண்டு வாரத்தில் மூன்று படங்களைக் கொண்டாடினோம். பி.கே. ரோசியின் பெயரில் நாம் விழா எடுக்கிறோம். ரோசியைப் போன்ற பெண்கள் இயக்க ஒரு படம் எப்போது வரும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சபாக்களில் நடந்தவை

மார்ச் 17 அன்று சென்னை மியூசிக் அகாடமி டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தது. அடுத்த சில நாள்களில் ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள் டிசம்பர் கச்சேரியிலிருந்து விலகினார்கள். வேறு சிலரும் பின்தொடர்ந்தார்கள். சித்ரவீணா ரவிகிரண் தன் கலாநிதி விருதைத் திருப்பித் தந்தார். கிருஷ்ணா மேல் சொல்லப்பட்ட பெரிய குற்றம், அவர் பெரியாரைப் போற்றினார் என்பது. வைக்கம் நூற்றாண்டையொட்டிப் பெருமாள்முருகன் எழுதிய பெரியார் பாடலைக் கர்நாடக இசையில் அவர் பாடியிருந்தார்.

பிறகு வழக்கு எம்.எஸ். பெயரைத் தொட்டது. இங்கேதான் ஒரு நகைமுரண். மதுரைச் சண்முகவடிவு என்ற வீணைக் கலைஞரின் மகள் எம்.எஸ். தேவதாசி மரபில் பிறந்த அந்தப் பெண்ணின் கலைதான் அகாடமியின் அடையாளம் ஆனது. 1968இல் கலாநிதி பெற்ற முதல் பெண் இசைக்கலைஞர் அவர். அந்த மரபின் பெண்கள் மேடையிலிருந்து எப்படி அகற்றப்பட்டார்கள் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழவில்லை, நாளிதழ்களிலும் பெரிதாக எழவில்லை. அவருடைய புனிதம் காக்கப்பட வேண்டும் என்ற பேச்சு மட்டும் ஆண்டு முழுவதும் ஓடியது.

டிசம்பர் 25 அன்று அகாடமி அரங்கம் நிரம்பி வழிய கிருஷ்ணா பாடினார். 2025 ஜனவரி 1 அன்று கலாநிதி பட்டமும் பெற்றார். அவருடைய துணிச்சலை நாம் மதிக்கிறோம். ஆனால் இந்தச் சண்டையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், விருது கொடுத்தவர், வாங்கியவர், எதிர்த்தவர், ஆதரித்துக் கட்டுரை எழுதியவர் என்று பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் நடந்த விவாதமாகவே அது இருந்தது. கிருஷ்ணாவே 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, நாதம் சரிபார்த்துத் தருபவர்கள். 2020இல் அந்த நூல் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா தன் அரங்கத்தைத் தர முன்வந்துவிட்டுப் பின்வாங்கியது. மிருதங்கம் மேடை ஏறலாம், அதைச் செய்தவரைப் பற்றிய புத்தகம் ஏறக் கூடாது! செய்தவருக்குக் கலாநிதி வேண்டாம். கச்சேரி அழைப்பிதழில் ஒரு வரியில் பெயர் போட என்ன தடை?

நவம்பரில் இசைவாணிக்கு நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் அவர் பாடிய பாடலை ஆறு ஆண்டு கழித்துத் தோண்டியெடுத்து, மிரட்டலும் ஆபாச வசவுமாக அவரைத் துரத்தினார்கள். பாட்டு ஒரு குழுவின் படைப்பு. கல் எறியப்பட்டது வடசென்னையின் ஒரு பெண் மேல் மட்டும். கிருஷ்ணா பெரியாரைப் பாடினால் சக கலைஞர்கள் கச்சேரியிலிருந்து விலகுவார்கள். இசைவாணி கோயில் நுழைவைப் பாடினால் அவருடைய உயிருக்கே மிரட்டல் வரும். எதிர்ப்பிலும்கூடச் சாதி படிநிலை பார்க்கிறது.

திருவில்லிபுத்தூருக்கு வருவோம். நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், தான் சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் அல்ல என்று இளையராஜா சொல்லிவிட்டார். அவர் சொல்லை மதிப்போம். அர்த்த மண்டபத்துக்குள் அர்ச்சகர்களும் சீயர்களும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை, எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று அறநிலையத் துறை விளக்கியது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கும் அர்ச்சகர் எந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970இல் சட்டம் வந்தது. 2006இல் அரசாணை வந்தது. 2021இல்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. ஐம்பது ஆண்டு கழித்து 24 பேர். இந்தக் கணக்கைத் தீர்க்காமல் விதி பொதுவானது என்று சொல்வதில் பொருளில்லை.

சுவரில் தொங்கியவை

ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் நம் இயக்கங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அமைதியாக ஒரு மாற்றம் அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையொட்டி நீலம் நடத்தும் வானம் கலைத் திருவிழா, கண்காட்சிக்கென்று ஓர் இடத்தை நிலைநிறுத்தியிருக்கிறது. டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீண்ட சென்னை போட்டோ பினாலேயின் நான்காம் பதிப்பில், வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் 'வானேறும் விழுதுகள்' என்ற காட்சியைத் தொகுத்தார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவரும் பழனிக்குமார், வடசென்னை இளைஞர்களுக்குக் கேமராவைக் கற்றுக்கொடுத்து அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்தார்.

இது ஏன் முக்கியம்? நூற்றைம்பது ஆண்டுகளாக நம் மக்கள் ஒளிப்படங்களில் இருக்கிறார்கள். காலனிய அதிகாரியின் படங்களில் 'சாதி வகை'யாக, பத்திரிகைப் படங்களில் எரிந்த குடிசைக்கு முன் அழும் பெண்ணாக. படத்தின் அடியில் ஊர் பெயர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. கேமரா கைமாறியதும் முதலில் மாறுவது அதுதான். அம்மாவை, அத்தையை, நண்பனைப் பெயர் சொல்லி எடுக்கிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், சமைக்கிறார்கள், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பரிதாபப்படவே பழகிய கண்களுக்கு அது கொஞ்சம் சிரமம் தரும். தரட்டும்.

இனிச் செய்ய வேண்டியவை

2025 ஜனவரியில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறைக்குக் கிடைத்த மரியாதை என்று கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஆசானுக்கு விருது தரும் அரசு, அவரைப் பேராசிரியராக நியமிக்குமா? பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த 'நடைமுறைப் பேராசிரியர்' முறையில் பட்டப்படிப்பு கட்டாயம் இல்லை. துறை அனுபவம் போதும். தொழில் நிறுவன அதிகாரிகளை வகுப்புக்கு அழைக்க உருவான வாசல் அது. அதன் வழியே பறை, தெருக்கூத்து, நாகசுர ஆசான்களையும், மிருதங்கம் செய்பவர்களையும் நம் இசைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. மாணவர் அமைப்புகள் இந்தக் கோரிக்கையை எடுக்க வேண்டும்.

பொதுப் பணத்தில் நிதி பெறும் ஒவ்வொரு கலை அமைப்பும் தன் நிர்வாகக் குழு, நடுவர் குழு, மேடை ஏறிய கலைஞர்கள் ஆகியோரின் சமூகப் பின்னணியையும், கொடுத்த ஊதியத்தையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வேலைவாய்ப்பில் கேட்கும் பிரதிநிதித்துவத்தைக் கலையில் கேட்டால் மட்டும் "தரம்" என்ற சொல் உடனே கிளம்பி வருகிறது. அந்தச் சொல்லை நாம் மருத்துவக் கல்லூரி வாசலிலேயே பார்த்துவிட்டோம்.

கண்காட்சிகள் சென்னையை விட்டு வெளியே வர வேண்டும். விழுப்புரத்திலோ சிவகங்கையிலோ பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, தன் தெருவைப் போன்ற ஒரு தெரு சுவரில் சட்டமிட்டுத் தொங்குவதைப் பார்க்க வேண்டும். அதற்கு மாளிகை வேண்டாம். மாவட்ட மைய நூலகத்தின் ஒரு கூடம் போதும்.

நம் பங்குக்கு, டிக்கெட் வாங்கிப் படம் பார்ப்பதோடு நிற்காமல், அடுத்த முறை ஊரில் ஒரு கலைவிழா நடந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். அழைத்தது யார்? வாசித்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர் சாப்பிட்டது எங்கே, உட்கார்ந்தது எங்கே? பறை மேடையில் அதிர்ந்த அதே நாளில் பக்கத்து ஊர்ச் சாவுக்கு ஒருவரைக் கட்டாயப்படுத்தி அடிக்கச் சொல்கிறார்களா என்றும் விசாரிப்போம். இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்கும் ஆண்டைத்தான் நல்ல ஆண்டு என்று எழுத முடியும்.