மதியத்தில் எதற்குப் பூட்டு?

பகல் இரண்டரை மணி. பூங்காவின் இரும்புக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டு தொங்குகிறது. ‘காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை’ என்கிறது பலகை. உள்ளே, தூங்குமூஞ்சி மரத்தடியில் நான்கு பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. அதே மரத்தின் நிழல் மதிலைத் தாண்டி நடைபாதையிலும் கொஞ்சம் விழுகிறது. அங்கே செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெண். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து முடித்தாகிவிட்டது. அடுத்த வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பக்கத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர் பைக் மீதே சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். தமிழ்நாட்டின் பல நகரங்களில் இந்தக் காட்சியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பூங்கா என்றாலே நம் உள்ளாட்சிகளுக்கு உடற்பயிற்சிதான் நினைவுக்கு வருகிறது. நடைபாதை, எட்டு வடிவத் தடம், திறந்தவெளி ஜிம் என்று செலவெல்லாம் அதற்கே. நடக்க வருபவருக்குக் காலையும் மாலையும் போதும். மனசு களைத்து, அக்கடா என்று உட்கார வருபவருக்கு நடுப்பகலில்தான் பூங்கா வேண்டும், அப்போதுதான் பூட்டுகிறோம். பூங்காக்கள் நாள் முழுதும் திறந்திருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

மரத்தடியில் சும்மா உட்கார்ந்தால் மனசு ஆறும் என்பதை ஆய்வு சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்கலாம். பட்ஜெட் போடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன் இருவரும் 1989இல் எழுதிய நூலில் இதற்கு விளக்கம் தந்தார்கள். போக்குவரத்து, கணக்கு வழக்கு, கைபேசி என்று வலிந்து செலுத்தும் கவனம் தேய்ந்துபோகிறது. இலை அசைவதையும் அணில் ஓடுவதையும் பார்க்க அந்த முயற்சி தேவையில்லை. அந்த நேரத்தில் தேய்ந்த கவனம் தேறிக்கொள்கிறது.

இன்னும் துலக்கமான சான்று ஒரு மருத்துவமனை ஜன்னல். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் பெரிய ஆய்வும் இருக்கிறது. 2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்த ஆய்வில், வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள், அறவே கழிக்காதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மரத்தால்தான் நலமா, நலமானவர்கள்தான் மரத்தைத் தேடிப் போனார்களா என்பதை அது தீர்த்துவைக்கவில்லை. ஆனால் நாம் கேட்பது ஒரு கதவைத் திறக்கத்தானே. அதற்கு இவ்வளவு ஆதாரம் போதும்.

இந்தத் தேவை பூங்காவோடு நிற்பதில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு, வளாகத்து வேப்பமரத்தடிதான் சாப்பாட்டு அறை, படுக்கையறை, அழும் இடம் எல்லாம். புதிய அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும்போது முதலில் போவது அந்த மரம்.

களைத்தவருக்கு இடம் தருவது நமக்குப் புதிதல்ல. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இன்னமும் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். உயரத்தைக் கவனியுங்கள்: தலைச்சுமைக்காரர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் இறக்கி வைத்து, மறுபடி தானே ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நட்டார்கள். அதில் யாரும் நேரம் குறித்துப் பலகை மாட்டவில்லை.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. கேரளம் 2018இலேயே செய்தது. கடைக்குள் ஏற்றுக்கொண்ட நியாயத்தைத் தெருவில் வேலை செய்பவருக்கும் நீட்டுவதில் என்ன தயக்கம்?

குடிகாரர்கள் வருவார்கள், காதல் ஜோடிகள் வருவார்கள் என்பார்கள். ஜோடி உட்கார்ந்திருப்பது குற்றமில்லை. குடியைப் பற்றிய கவலை நியாயமானது. பெண்கள் அஞ்சுவதும் உண்மை. ஆனால் ஆளரவம் இல்லாத இடத்தில்தான் பயம் அதிகம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் பூங்காவில் பதினோராவதாக ஒரு பெண் தயங்காமல் நுழைவார். பகல் நேரத்துக்கு ஒரு காவலாளி, திறந்திருக்கும் கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய் இருந்தால் போதும். இது கோடிகள் கேட்கும் திட்டமே அல்ல. தண்ணீர் பாய்ச்சுவதும் பெருக்குவதும் பகுதி பகுதியாக நடக்கட்டும். அதற்காக மொத்தப் பூங்காவையும் அடைக்க வேண்டாம்.

கோடைக்கு முன்பே ஆணை வர வேண்டும். அப்படியே, யாரும் படுத்துவிடக் கூடாது என்று சில இடங்களில் பெஞ்சுகளின் நடுவில் பற்றவைத்திருக்கும் இரும்புக் கம்பிகளையும் அறுத்தெடுங்கள். படுத்தால் படுத்துவிட்டுப் போகட்டும்.