30 ஆண்டுக் கடன், ஓராண்டுக் காப்பீடு

அமெரிக்காவில் வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 ஆண்டுகளுக்கு. வீட்டுக் காப்பீடோ ஓராண்டுக்கு. ஃபுளோரிடாவின் காப்பீட்டு நெருக்கடிக்கு இந்த முரணே வேர் என்பது என் கணிப்பு (வழக்குச் செலவுகளைக் காரணம் காட்டுவோரும் உண்டு). புயல் அபாயம் கூடினால் தனியார் நிறுவனம் அடுத்த ஆண்டே விலகிவிடலாம். கடன் வாங்கியவரால் விலக இயலாது. காப்பீடு இல்லையேல் கடன் ஒப்பந்தத்தை மீறியவராகிவிடுவார்.

இடைவெளியை நிரப்புவது அரசுதான். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய இரண்டையும் 2008 செப்டம்பரில் மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை 1968 முதல் அதுவே நடத்துகிறது. தனியார் காப்பீடு கிடைக்காதோருக்கு, 2002-இல் ஃபுளோரிடா அரசு உருவாக்கிய 'சிட்டிசன்ஸ்' நிறுவனமே புகலிடம். அதில் பற்றாக்குறை நேர்ந்தால், கடலோரத்தில் வீடே இல்லாத, வெறும் கார் காப்பீடு வைத்திருப்பவர் மீதும் கூடுதல் கட்டணம் விதிக்கலாம்.

வெள்ளக் காப்பீட்டுப் பிரீமியத்தை அபாயத்துக்கேற்ப உயர்த்த 2012-இல் சட்டம் வந்தது. எதிர்ப்பு எழவே 2014-இல் தளர்த்தப்பட்டது. 2017-இல் அத்திட்டத்தின் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது.

ஓய்வூதியத்தில் வாழும் முதியவரிடம் முழுப் பிரீமியத்தையும் கேட்பது கொடுமைதான். ஆனால், பிரீமியத்தைக் குறைத்துக் காட்டினால், மாளிகைக்காரருக்கும் அதே சலுகை போய்ச் சேர்கிறது. அதே கரையில் புதுக் குடியிருப்புகளும் எழுகின்றன. பிரீமியம் உண்மையான அபாயத்தைச் சொல்லட்டும். கட்ட இயலாதவருக்கு வருமானம் பார்த்து, வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாக மானியம் ஒதுக்கட்டும்.