கிராபிக்ஸ் கார்டு கடைசியில! பழைய கேமிங் பிசி அப்கிரேடுக்கு ஒரு ஆடிட்டர் கணக்கு



பழைய கேமிங் பிசியை அப்கிரேடு பண்ணணும்னு யார்கிட்ட கேட்டாலும், "முதல்ல கிராபிக்ஸ் கார்டை மாத்து"ன்னுதான் பதில் வரும். என் கருத்து நேர் எதிர். மாசச் சம்பளத்துல இருக்கிற ஒருத்தர் பெரும்பாலும் கடைசியா வாங்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டுதான். கார்டோட விலைன்னா பெட்டி மேல ஒட்டியிருக்கிற விலை மட்டும் இல்லை. அது பின்னாடியே இழுத்துட்டு வர்ற செலவையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

திருச்சி மாவட்டம் மருங்காபுரி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மணப்பாறையில வேலை, கைக்கு வர்றது 26,000 ரூபாய். ஏற்கெனவே பைக் இஎம்ஐ 3,200 போகுது. வீட்டுல 2017-ல வாங்கின பிசி இருக்கு. இன்டெல் ஐ5-7400, பி250 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்டு டிஸ்க், பேர் தெரியாத கம்பெனியோட பவர் சப்ளை. "30,000 ரூபாய்க்கு ஒரு கார்டு பார்த்து வெச்சிருக்கேன். 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. வாங்கலாமா அண்ணா?" இதுதான் கேள்வி.

வாங்காதீங்க தம்பி. ஏன்னு வரிசையா சொல்றேன்.

ஒண்ணு வாங்கினா நாலு வாங்க வைக்கும்

1050 டிஐ கார்டுக்கு 75 வாட் போதும். அதுல பெரும்பாலான மாடல்களுக்கு தனி பவர் ஒயரே வேண்டாம், போர்டு ஸ்லாட்ல இருந்தே எடுத்துக்கும். இப்ப வர்ற ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி கார்டு 145 வாட் கேட்கும். அந்தப் பழைய பவர் சப்ளையை நம்பி இதை மாட்ட முடியாது. ஆக பவர் சப்ளை மாத்தணும்.

அதையும் மாத்தியாச்சுன்னு வைங்க. ஐ5-7400-ல இருக்கிறது நாலு கோர், நாலு த்ரெட். இன்னிக்கு வர்ற பெரிய கேம்ல பிராசஸர் 100 சதவீதத்துல மூச்சு வாங்கும், புது கார்டு பாதி வேலையில்லாம உட்கார்ந்திருக்கும்.

சரி, பிராசஸர் மாத்தலாம்னா இன்டெல்லோட 8-வது தலைமுறை இந்த போர்டுல வேலை செய்யாது. 6, 7, 8, 9 நாலு தலைமுறைக்கும் சாக்கெட் பேர் எல்ஜிஏ 1151-தான். ஆனா 6, 7-க்கான போர்டு வேற, 8, 9-க்கான போர்டு வேற. பேர் ஒண்ணா இருக்கேன்னு ஓஎல்எக்ஸ்ல பிராசஸர் வாங்கி ஏமாந்தவங்க நிறைய பேர்.

அப்ப போர்டையும் மாத்தணும். புதுசா வர்ற போர்டுல பாதிக்கு மேல டிடிஆர்5 ரேம் கேட்கும், பழைய ரேம் போகாது. 30,000-ல ஆரம்பிச்ச கணக்கு மூணு மாச சம்பளத்துல போய் நிக்கும்.

கூட வருமா, இங்கேயே நிக்குமா?

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். கட்டில், பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் அடுத்த வீட்டுக்கும் கூட வரும், அதனால நல்லதா வாங்குவோம். வாடகை வீட்டுக்கு யாராவது டைல்ஸ் போடுவாங்களா? பிசி பார்ட்ஸுக்கும் இதே கேள்வியைக் கேளுங்க: இது அடுத்த மெஷினுக்கும் கூட வருமா, இந்த போர்டோடவே நின்னுடுமா?

கூட வர்றது: எஸ்எஸ்டி, பவர் சப்ளை, மானிட்டர், கேபினெட், கீபோர்டு. இதெல்லாம் புதுசா, பில்லோட, வாரன்டியோட வாங்குங்க.

நின்னு போறது: பழைய சாக்கெட் பிராசஸர், பழைய போர்டு. இதுக்கு புதுசு வேண்டாம். செகண்ட் ஹேண்ட்ல சோதிச்சுப் பார்த்து, கம்மி விலைக்குக் கிடைச்சா மட்டும் வாங்கலாம்.

ரேம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. இன்டெல் 12, 13, 14-வது தலைமுறைக்கு டிடிஆர்4 எடுக்கிற போர்டும் இருக்கு, டிடிஆர்5 எடுக்கிற போர்டும் இருக்கு. டிடிஆர்4 போர்டா பார்த்து எடுத்தா கையில இருக்கிற ரேமும் கூட வந்துடும். இப்ப இது ரொம்ப முக்கியம். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிட்டுப் போனதுல ரேம் விலை எகிறிடுச்சு. உலகத்துல டிரேம் தயாரிப்புல பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே மூணு கம்பெனி கையில. அதுல மைக்ரான், சாதாரண கஸ்டமருக்கு விக்கிற குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சது. "காத்திருந்தா விலை குறையும்"ங்கிற பழைய நம்பிக்கை 2021-ல கிரிப்டோ மைனிங் காலத்துல ஒரு தடவை உடைஞ்சது, இப்ப மறுபடியும் உடைஞ்சிருக்கு. அதனால கையில இருக்கிற ரேமைத் தூக்கிப் போடாத வழியைத் தேடறதுதான் புத்திசாலித்தனம்.

அதே 2017, வேற போர்டு

இதே தம்பியோட நண்பர் அதே வருஷம் ரைசன் 5 1600-ம் பி350 போர்டும் வாங்கியிருந்தார்னு வைங்க. அவர் நிலைமையே வேற. 300 சீரிஸ் போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையை ஏஎம்டி 2022-ல திறந்துவிட்டது. போர்டு கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலோட சிபியு சப்போர்ட் லிஸ்ட் பார்த்து, பயாஸ் அப்டேட் பண்ணி, ரைசன் 5 5600 மாட்டினா போதும். போர்டு, ரேம், கூலர் எதையும் மாத்த வேண்டாம். விண்டோஸ் 11-க்கான பிராசஸர் தகுதியும் கூடவே கிடைச்சிடும்.

ரெண்டு பேர் பிசிக்கும் ஒரே வயசு. ஒருத்தருக்கு ஒரு பார்ட்ல வேலை முடியுது, இன்னொருத்தருக்கு அடித்தளமே மாறணும். அதனால யூடியூப்ல ஒருத்தர் "இதை வாங்குங்க"ன்னு சொன்னா, அதுல நம்ம வீடியோவும் சேர்த்துத்தான், முதல்ல உங்க போர்டோட பேரை எழுதி வெச்சுக்கிட்டு கேளுங்க.

செலவில்லாத சோதனை முதல்ல

கேம் ஓடும்போது எம்எஸ்ஐ ஆப்டர்பர்னர்ல பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் மூணோட யூசேஜையும் பாருங்க. கார்டு 95-க்கு மேல, பிராசஸர் 60-ல இருந்தா தடை கார்டுலதான். அப்போ பவர் சப்ளையும் நல்லதா இருந்தா, கார்டை முதல்ல மாத்தறதுல தப்பில்லை. கார்டு 60-ல தூங்கிட்டு பிராசஸர் முட்டினா, எந்தக் கார்டு வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. ரெசல்யூஷனைக் குறைச்சும் எஃப்பிஎஸ் ஏறலையா? அப்பவும் தடை பிராசஸர்தான். 8 ஜிபி ரேம் நிரம்பி வழிஞ்சா விட்டு விட்டு ஓடும்.

இதோட கேபினெட்டைத் திறந்து தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. எட்டு வருஷத் தூசிக்கு சில நூறு ரூபாய்ல தீர்வு.

தம்பிக்கு என் வரிசை

முதல் கட்டம், இப்ப: ஒரு எஸ்எஸ்டி. அதே வேகத்துல இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4, செகண்ட் ஹேண்ட் போதும். ஒண்ணுக்கு ரெண்டா மாட்டினா டூயல் சேனல் வேகமும் கிடைக்கும். அப்புறம் ஒரு நல்ல கம்பெனியோட 550 வாட் பவர் சப்ளை. கிராமத்து லைன்ல வோல்டேஜ் ஏறி இறங்கறது உங்களுக்கே தெரியும், பழைய பவர் சப்ளை போகும்போது தனியா போகாது, கூட ரெண்டையும் கூட்டிட்டுப் போகும். யுபிஎஸ் இருந்தா அதையும் பாருங்க. சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்கறது சுமார் 360 வாட்தான்.

ரெண்டாம் கட்டம், பணம் சேர்ந்த பிறகு: டிடிஆர்4 எடுக்கிற போர்டும், ஐ5-12400எஃப் மாதிரி ஆறு கோர் பிராசஸரும். ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாம் கூட வந்துடும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. 7-வது தலைமுறை ஐ5 விண்டோஸ் 11 பட்டியல்ல இல்லை. நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட்ல பதிஞ்சா 2026 அக்டோபர் வரைக்கும் ஓட்டலாம். அதுதான் உங்களுக்கு இருக்கிற அவகாசம்.

மூணாம் கட்டம்: கிராபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு கட்டத்துலயும் ஓடற பிசி கையில இருக்கும், வாங்கின எதுவும் வீணாகாது.

"ஜிடிஏ 6 வருதே அண்ணா"ன்னு கேட்பீங்க. ராக்ஸ்டார் அறிவிச்சிருக்கிற தேதி 2026 நவம்பர் 19, அதுவும் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். பிசிக்கு தேதியே சொல்லலை. வராத கேமுக்கு இன்னிக்கே ஏன் கடன்?

நோ காஸ்ட் இஎம்ஐயோட காஸ்ட்

30,000 ரூபாய், 12 மாசம், மாசம் 2,500. வட்டி இல்லைன்னு தோணும். பேங்க் வட்டி போடும், அந்த அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுவாங்க, அவ்வளவுதான். ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே சொல்லிடுச்சு. 15% வட்டின்னு வெச்சா உள்ளே ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 2,300. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் 414 ரூபாய் உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல வரும். பிராசஸிங் ஃபீ 199-ம் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்தா கிட்டத்தட்ட 650. மொத்தப் பணம் கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடி போனது தனி.

அதே 2,500-ஐ ஆர்டி-யில போடுங்க. 6.5% வட்டின்னாலும் வருஷக் கடைசியில கையில சுமார் 31,000 இருக்கும். பணத்துல வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான், அதுக்காக நான் இவ்வளவு பேசலை. நடுவுல வேலை போனா ஆர்டி-யை நிறுத்திட்டு, போட்ட பணத்தை எடுத்து சாப்பிடலாம். இஎம்ஐயை நிறுத்த முடியாது. பைக்குக்கு 3,200, கார்டுக்கு 2,500-ன்னு சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தேதி பார்த்து வெளியே போறவருக்கு, ஒரு மாசம் சம்பளம் தள்ளினாலே போதும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாசம் மூணரை சதவீதம் அளவுக்கு வட்டி ஓட ஆரம்பிக்கும், சிபில்ல கறை விழும். நாலு வருஷம் கழிச்சு வீட்டு லோன் கேட்கும்போது அந்தக் கறை முன்னாடி வந்து நிக்கும்.

பில் இல்லாம தர்றேன்னா?

30,000 ரூபாய் கார்டுல 18% ஜிஎஸ்டி மட்டும் 4,576. "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன்"னு சொன்னா ஆசையா இருக்கும். ஆனா வாரன்டிக்குப் போனா முதல்ல கேட்கிறது பில்லைத்தான். சம்பளக்காரருக்கு இந்த ஜிஎஸ்டி திரும்ப வராது, உண்மைதான். அதை வாரன்டிக்கான பிரீமியமா நினைச்சுக்குங்க. பிரச்சனைன்னா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். பெங்களூர் கடைகிட்ட ஆன்லைன்ல வாங்கியிருந்தாலும் மருங்காபுரிக்காரர் திருச்சியிலயே கேட்கலாம். அதுக்கும் கையில பில் வேணும்.

அடிக்கடி வர்ற இன்னொரு கேள்வி: "வரியில கழிக்கலாமா?" சம்பளம் மட்டும்தான் வருமானம்னா முடியாது. நிலையான கழிவு புது முறையில 75,000, பிசி வாங்கினாலும் வாங்காட்டாலும் அதேதான். வீடியோ எடிட்டிங், யூடியூப்னு தொழில் வருமானம் காட்டி, முறையா கணக்கும் எழுதினா, அந்த வேலைக்குப் பயன்படற பங்குக்கு மட்டும் 40% தேய்மானம் எடுக்கலாம். கேம் விளையாடற நேரத்துக்கு இல்லை.

கேம் விளையாடறது தப்புன்னு நான் சொல்ல வரலை. நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் நண்பர்களோட விளையாடறது நல்ல பொழுதுபோக்கு. அந்த ரெண்டு மணி நேரத்துக்காக அடுத்த 12 மாசச் சம்பளத்தை இன்னிக்கே எழுதிக் கொடுக்காதீங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை கேபினெட்டைத் திறங்க, தூசியைத் தட்டுங்க, போர்டு மாடல் நம்பரைக் குறிச்சு வைங்க. திங்கக்கிழமை ஆர்டி-யை ஆரம்பிங்க. கார்டு எங்கேயும் போயிடாது.