பம்ப்பைப் படித்த பிள்ளை

எஸ்பிஎம் முடிவு வரும் ஒவ்வோர் ஆண்டும், “படிப்பு ஏறாதவன் பட்டறைக்குப் போகட்டும்” என்று நம் வீடுகளில் யாராவது சொல்லக் கேட்கிறோம். நானும் சொன்னவன்தான். அக்காள் மகன் தொழிற்கல்விக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, “பையனைக் கெடுக்காதே” என்று அக்காவிடம் வாதாடினேன்.

அப்பா விட்டுச் சென்ற பழைய மெர்சிடிஸ் 200 என்னிடம் இருக்கிறது. டபிள்யூ123 என்று கார்ப் பிரியர்கள் அழைக்கும் வகை. சென்ற ஆண்டு அதன் பவர் ஸ்டீயரிங் பம்ப்பிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. பழைய சாமான் கடையில், பார்வைக்கு அதே போலிருந்த ஒரு பம்ப்பை வாங்கிப் பட்டறையில் மாட்டச் சொன்னேன். இரண்டு வாரம் பெல்ட் கீச்சிட்டது. பொருட்படுத்தவில்லை. ஒரு மாலை, மழையில், சாலை வட்டத்தில் திரும்பும்போது பெல்ட் கழன்றது. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. பின்னிருக்கையில் என் மகள். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி, காரை ஓரங்கட்டினேன். பம்ப் நின்றாலும் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இணைப்பு அறுபடுவதில்லை, கனம்தான் கூடுகிறது. அன்று அது எனக்குத் தெரியாது.

மறுநாள் அக்காள் மகன் வந்தான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு நீண்ட இரும்பு ரூலரை எடுத்து இரண்டு புல்லிகளின் முகத்திலும் சேர்த்து வைத்தான். பம்ப்பின் புல்லி சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நின்றது. பிறகு பழைய பம்ப்பையும் புதிதாக வாங்கியதையும் மேசையில் வைத்து, டீசல் துணியால் அழுக்கைத் துடைத்தான். “ரெண்டும் ஒண்ணு இல்ல மாமா. இது விக்கர்ஸ், அது லூக்.”

ஒரே வகை காருக்கு வெவ்வேறு நிறுவனங்களின் பம்ப்புகள் வந்திருக்கின்றன. சீல் செட்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதனால் அவன் உடலில் வார்த்திருந்த பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டான். எந்தப் பக்கம் சுழல்கிறது, புல்லியின் விட்டம் என்ன, போல்ட் துளைகள் எங்கே, அழுத்தக் குழாயின் மரை என்ன அளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். உள்ளே சிறு தகடுகள் சுழன்றுதான் எண்ணெயை அழுத்துகின்றன; ஒரு திசைக்காகச் செய்ததை மறுதிசையில் ஓட்டினால் வேலை செய்யாது. புல்லி சிறியதானால் பம்ப் வேகமாகச் சுழலும். அழுத்தத்துக்கு எல்லை வைக்கும் வால்வும் பம்ப்புக்குள்ளேயே இருக்கிறது. அது வேறு காருக்கானது என்றால் ஸ்டீயரிங் பெட்டியின் சீல்கள் தாங்காமல் போகலாம். இதில் எதுவும் வெளித்தோற்றத்தில் தெரியாது. நான் தோற்றத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

பழையதற்குச் சீல் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். தண்டில் சீல் உரசிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டச் சொன்னான். நகம் பள்ளத்தில் சிக்கியது. எண்ணை வைத்துச் சரியான பம்ப்பைத் தேட மூன்று வாரமாயிற்று. மாட்டும்போது தொட்டியின் அடியிலிருந்த வடிகட்டியையும் மாற்றினான். கையேடு சொன்ன எண்ணெயை ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை இயக்காமல் இருபுறமும் மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றினான். எண்ணெய் நுரைக்காமல் நின்ற பிறகே சாவியைத் திருப்பினான்.

குறிப்பெடுத்து, அளந்து, ஒப்பிட்டு, காரணம் சொல்லிய அந்த வேலைக்குப் படிப்பு என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்? மலேசியத் திறன் சான்றிதழின் 3 நிலைகளுக்கு மேல் 4ஆம் நிலை டிப்ளோமாவும் 5ஆம் நிலை உயர் டிப்ளோமாவும் இருக்கின்றன. நம் பெற்றோரில் எத்தனை பேர் இதை விசாரித்திருக்கிறோம்? பள்ளிகளில் நடக்கும் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் மருத்துவம், சட்டம் பற்றிய கையேடுகளோடு ஒரு கழற்றிய பம்ப்பையும் மேசையில் வைக்க வேண்டும். மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.

பழைய பம்ப் என் வீட்டில்தான் கிடக்கிறது. கேட்கும் பள்ளிக்குத் தருகிறேன். அக்காவிடம் மட்டும் இன்னும் பேசவில்லை. இந்தப் பக்கத்தை அவர் படிப்பார்.