துணிகளுக்குக் காவல்

காவிரிக் கரையில் பிறந்த பெண்களுக்கு நீச்சல் தெரியாது. இதைவிடப் பெரிய வெட்கக்கேடு எங்கள் தஞ்சை மாவட்டத்தில் வேறு உண்டா? சென்ற பருவத்தில் மருதத்திணை நடத்தும்போது வகுப்பில் கேட்டேன், நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று. திருவையாறு, கண்டியூர், பாபநாசம், ஒரத்தநாடு என ஆறும் வாய்க்காலும் ஓடும் ஊர்களிலிருந்து வருகிற நாற்பது மாணவிகள். மூன்று கைகள். அதிலும் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது. "முன்னாடி தெரியும் மேடம், இப்ப மறந்திருக்கும்."

நீச்சல் அப்படியெல்லாம் மறக்கிற வித்தை இல்லை. மறக்க வைத்திருக்கிறார்கள். எப்படி என்பதை என் குடும்பத்திலிருந்தே சொல்கிறேன்.

தண்ணீர் இருக்கிற வருஷங்களில் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பார்கள். சில நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். நுரையும் செத்தையுமாகப் புதுத்தண்ணீர் போய்த் தெளிந்ததும் நாங்கள் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே பெரியப்பாவின் தென்னந்தோப்புக்குக் கிளம்புவோம். இரண்டு நாள் தங்கல். தார்ப்பாய் கட்டி, கயிற்றுக் கட்டில் போட்டு, கல் கூட்டி அடுப்பு. கத்திரி முடிந்தும் வெயில் மண்டையைப் பிளக்கும். அண்ணன், மச்சான், சித்தப்பாக்கள் காலையில் ஆற்றில் இறங்கினால் பசித்தால்தான் ஏறுவார்கள். ஆற்றுப் பக்கம் சாய்ந்த மரத்தில் ஏறிக் குதிப்பார்கள். அக்கரை போய்த் திரும்புவார்கள்.

கரையில் நாங்கள். அம்மா, அத்தை, அண்ணி, நான். எங்கள் பொறுப்பில் புளியோதரைத் தூக்கு, பிள்ளைகளின் துண்டு, ஆண்களின் சட்டை, கைக்கடிகாரம், செல்போன், பைக் சாவி. அவர்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு எங்களுக்கும் அனுமதி உண்டு. இடுப்பளவு தண்ணீரில், படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தி மூன்று முழுக்கு. பாவம் போக்க அது போதும், வெக்கை போக்கப் போதாது. வீட்டுக்கு வந்து "எல்லாரும் ஆத்துல ஒரே ஆட்டம்" என்று சொல்லிக்கொள்வோம்.

பத்து வயதுவரை நானும் அந்த மரத்திலிருந்து குதித்தவள்தான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எனக்கு நீச்சல் பழக்கியவர் அப்பா. வயசுக்கு வந்த வருஷம் யாரும் என்னைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. தம்பியின் துண்டை என் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தண்ணீருக்கும் எங்களுக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியுமா? குடத்தில் தூக்குகிறோம். துவைக்கிறோம். நடவுக்குப் போகிற பெண் காலை முதல் சேற்றுத் தண்ணீரில் குனிந்து நிற்கிறாள். சேற்றுப்புண்ணோடு வீடு திரும்புகிறாள். ஆடிப்பெருக்கன்று காவிரியை மசக்கைக்காரியாகப் பாவித்துச் சித்திரான்னம் படைப்பதும், காதோலை கருகமணி விடுவதும், மஞ்சள் கயிறு மாற்றுவதும் பெண்கள்தான். ஆற்றுக்கே வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கு செய்கிறோம். அந்த ஆற்றில் மல்லாந்து மிதந்து ஒரு நாளாவது வானத்தைப் பார்த்திருக்கிறோமா? தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் நமக்கு. விளையாட்டு மட்டும் அவர்களுக்கு.

சங்க காலத்தில் பெண்கள் புனலாடினார்களே என்று ஆரம்பிப்பார்கள் தமிழ் படித்தவர்கள். ஆடினார்கள். புதுப்புனல் விழா உண்டு, வையையைப் பாடப் பரிபாடல் உண்டு. ஆனால் மருதப் பாடல்களை நிதானமாகப் படியுங்கள். தலைவன் யாரோடு புனலாடுகிறான்? பெரும்பாலும் பரத்தையோடு. மனைவி வீட்டில் இருக்கிறாள், சேதி கேட்டு ஊடுகிறாள். அந்த ஊடலின் நயத்தைத் தலைமுறை தலைமுறையாக வியந்திருக்கிறோம். அவளுக்கும் ஆற்றில் இறங்க ஆசை இருந்திருக்காதா என்று தேர்வில் ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீரில் ஆடுகிறவள் ஒருத்தி, வாசலில் காத்திருப்பவள் வேறொருத்தி என்கிற பங்கீடு அவ்வளவு பழையது. இன்று ஆற்றில் நீந்துகிற பெண்ணை ஊர் எந்தப் பெயரால் அழைக்கிறது என்று யோசித்தால் அந்தத் திணை இன்னும் உயிரோடு இருப்பது புரியும்.

ஆட்டனத்தியைக் காவிரி இழுத்துக்கொண்டு போன கதையும் அப்படித்தான். கரையோரம் அழுது தேடிய ஆதிமந்தியை எல்லோருக்கும் தெரியும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்லும் புகார்ப் பத்தினிகளில் கரிகாலன் மகளாக அவளுக்கு இடமுண்டு. அகநானூற்றில் பரணர் இன்னொருத்தியையும் சொல்கிறார். மருதி. ஆட்டனத்தியை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுக் கடலில் மறைந்தவள். தண்ணீருக்குள் போனவள் அவள். பத்தினிப் பட்டியலில் அவள் இல்லை.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க, குளத்தில் இறங்கிய பெண்கள், கரையில் வைத்த துணியை எடுத்துக்கொண்டு மரமேறியவனிடம் கெஞ்சுகிறார்கள். பக்தியாகப் படிக்கச் சொல்கிறார்கள், படிக்கிறேன். கூடவே, அந்தப் பெண்களுக்குத் தொல்லை குளத்தின் ஆழத்தால் வரவில்லை என்பதும் கண்ணில் படுகிறது. தொல்லை கரையில் இருந்தது. அன்று அவன் கையில் சேலை, இன்று இவன் கையில் செல்போன்.

"ஈரத்துல உடம்பு தெரியும்" என்பதுதான் பெரிய வாதம். 2016 மகாமகத்தில் கும்பகோணத்தில் லட்சக்கணக்கானவர்கள் நடுவே நனைந்த புடவையோடு பெண்கள் நின்றார்கள். அன்று எந்தச் சித்தப்பாவுக்கும் கூச்சமில்லை. மழைப்பாட்டில் கதாநாயகி நனையும்போதும் அவர் தொலைக்காட்சியை அணைப்பதில்லை. சொந்தச் சந்தோஷத்துக்காக நம் வீட்டுப் பெண் நனைந்தால்தான் மானம் போகிறது.

அடுத்தது ஆபத்து. மணல் அள்ளிய பள்ளங்களும் சுழல்களும் பொய்யில்லை. மூழ்கிச் சாகிறவர்களில் ஆண்களே அதிகம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். சரிதான், இறங்குகிறவர்கள் அவர்கள். தண்ணீர் நம்மைத் தேடி வந்த நாளில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த மார்ச்சில் வந்த ஆக்ஸ்ஃபாம் அறிக்கை பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் எண்ணிக்கையைத் தந்தது: பெண்கள் 391, ஆண்கள் 146. படகு கரை திரும்பும் என்று மீனுக்குக் காத்து நின்றவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், நீந்தவும் மரமேறவும் பழக்கப்படாதவர்கள். அதே கடலூர் மாவட்டத்தில், 2022 ஜூனில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒரே நேரத்தில் மூழ்கினார்கள். மறுநாள் எல்லோரும் கேட்டது, பிள்ளைகளை ஏன் ஆற்றுக்கு விட்டீர்கள் என்று. ஏன் நீச்சல் கற்றுக்கொடுக்கவில்லை என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை.

பெண்கள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதிலும் ஒரு வசதி இருக்கிறது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு துறை. தலித் மக்களின் துறை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம். எங்கள் அழுக்கெல்லாம் கழிந்து போய்ச் சேருகிற இடம். 1927-ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்ததே போராட்டமாக வேண்டியிருந்த நாடு இது. 'மகளிர் படித்துறை' கேட்கும்போது யாருடைய தெருவுக்குப் பக்கத்தில் கட்டப்போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, 4 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். பெரிய செலவில்லை. குளமும் மூங்கிலும் எங்களிடம் இல்லையா? ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள், துண்டைக் கையில் கொடுக்கும் வயது வருவதற்குள், டெல்டாவின் ஒவ்வொரு பெண்பிள்ளையும் நீந்த வேண்டும். அதைப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டும். கல்கத்தாவின் ஆரதி சாஹா ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தது 1959-ல். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அக்கரை போதும்.

வயது தாண்டியவர்களுக்கு: புடவை வேண்டாம், காலைச் சுற்றும். துப்பட்டா வேண்டாம். அரைக்கால் சட்டையும் முழுக்கை பனியனும் போதும். நீந்தத் தெரிந்த ஒருத்தியோடு, மணல் அள்ளாத துறையில், இடுப்பளவிலிருந்து ஆரம்பியுங்கள். என் அத்தைக்கு 61 வயது. போன ஆடியில் படிக்கட்டை விட்டுக் கையெடுத்து நாலு முழம் போனாள். அந்த நேரம் பார்த்து, கரையில் சித்தப்பா பைக் சாவியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.