கதைக்கும் ஒரு கருவறையா?

திருவெறும்பூர் மலைக்கோயிலுக்கு ஒரு தலபுராணம் உண்டு. தேவர்கள் எறும்பு உருவில் வழிபட வந்தனராம், இலிங்கம் வழுக்கிற்றாம், அவை ஏறுதற்கு வாகாகச் சிவன் புற்று மண்ணாகிச் சாய்ந்து கொடுத்தாராம். நாம் நம்புகின்ற கதையன்று அது. எனினும் கேட்கிறோம்: எறும்புக்காகக் கல்லே சாய்ந்ததாகக் கதை கட்டிய நாட்டில், புதிய வாசகனுக்காகப் பத்து வரி சாய்ந்து கொடுக்க நம் எழுத்தாளரின் பேனா மறுப்பது ஏன்?

தொடர்கதையைத்தான் சொல்கிறோம். நாற்பதாவது வாரத்து இதழைப் படிப்பகத்திலே முதன்முதலாகக் கையிலெடுக்கிறான் ஓர் இளைஞன். யார் அந்த மங்கை? ஏன் அழுகிறாள்? எவன் கொடுமைக்காரன்? ஒன்றும் விளங்கவில்லை. மடித்து வைத்துவிட்டு எழுந்து போகிறான். 'தொடக்கத்திலிருந்து படிக்காதவனுக்கு இங்கே என்ன வேலை? முன்கதைச் சுருக்கம் எழுதுவது கலையாகுமா?' என்கிறார் எழுத்தாளர். நன்று! கருவறைக்கு வெளியே நிற்கச் சொல்லும் குரலன்றோ இது? அங்கே பிறப்பைக் கேட்கிறார்கள்; இங்கே பழைய இதழ்க் கட்டைக் கேட்கிறார்கள்.

இராமாயணத்துக்கு முன்கதைச் சுருக்கம் வேண்டியதில்லை, உண்மை. காலட்சேபத்தின் நடுவில் வந்து அமர்பவனுக்கும் சீதை யார், இராவணன் யார் என்பது தெரியும். தாலாட்டும் தெருக்கூத்தும் கோயில் தூணும் பல நூற்றாண்டுகளாக அந்தச் சுருக்கத்தைச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கின்றன. சாதியை மறுத்து மணந்தவள் கதைக்கு, மறுமணம் புரிந்த கைம்பெண் கதைக்கு, அந்த முதல் ஏது? பழைமைக்கு இலவசமாய்க் கிடைப்பதைப் புதுமை வாரந்தோறும் உழைத்தல்லவா பெற வேண்டியிருக்கிறது? 1942-இல் காஞ்சியில் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய அண்ணா, கட்டுரையோடு நில்லாது தொடர்கதையும் தீட்டினாரே, கூட்டத்துக்கு வராதவனின் வீட்டுக்குள்ளும் கருத்து நுழையட்டும் என்றுதானே?

கொள்கையில் எதிர்க்கரையில் நின்றவர் கல்கி. அவருடைய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. வந்தியத்தேவனைச் சோழநாட்டுக்குப் புதியவனாக்கினார் அவர். அவன் கேட்டறியும்போதே வாசகனும் அறிகிறான். அந்தக் கைத்திறனைக் கற்பதில் நமக்கு இழுக்கொன்றுமில்லை.

கடல் கடந்தும் பார்ப்போம். சார்லஸ் டிக்கன்சின் 'பிக்விக்' கதை 1836-இல் இங்கிலாந்தில் மாதப் பகுதிகளாக வரத் தொடங்கியபோது சில நூறு படிகளே விற்றன. 1837-இல் முடிகையில் ஏறத்தாழ 40,000. அப்படியானால் பெரும்பாலோர் நடுவில் வந்தவர்களே! திருவெறும்பூரிலும் 1960களில் கொதிகலன் ஆலை எழுந்தபோது வெளியூர்களிலிருந்து பல்லாயிரவர் வந்து குடியேறினர். அவர்களுள் எத்தனை பேர் முதல் அத்தியாயத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருப்பர்?

பக்கம் போதாது என்பர் சிலர். தைல விளம்பரத்துக்குப் போதுகின்ற பக்கம்தான்!

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வோம். சுருக்கத்தை எழுதியவரே சரிபார்க்க வேண்டாம். கதையை அறியாத ஓர் இளைஞனிடம் கொடுங்கள். படித்துவிட்டு 'பிறகு?' என்று கேட்டானாயின் அச்சுக்கு அனுப்புங்கள். 'யார் இவள்?' என்றானாயின் எழுத்தாளருக்கே திருப்பி அனுப்புங்கள்.